உலான்பாத்தரில் மழை விடுமுறை

நவம்பர் 4, செவ்வாய்

தினம் ஒரு பக்கம் தமிழில் எழுத வேண்டும் என்பது தலைமையாசிரியையின் உத்தரவு. என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க மாட்டாராம். பக்கம் நிரம்பியிருக்கிறதா என்று மட்டும் புரட்டிப் பார்ப்பாராம். சொன்ன சொல் தவறாதவர் என்பதால் தைரியமாக எழுதுகிறேன்: தலைமையாசிரியை இன்று காலை செய்தது உப்புமா என்றால், சிமெண்டும் உப்புமாதான்.

பள்ளியின் பெயர் சாப்பாட்டு மேசை உயர்நிலைப் பள்ளி. பெயர் சூட்டியது நான். இடம், மங்கோலியாவின் உலான்பாத்தர் நகரில் ஓர் அடுக்ககத்தின் நான்காவது மாடி. பத்தாம் வகுப்பில் நான் ஒருத்தி. முழுப்பெயர் நறுமுகை, வீட்டில் நறு, அம்மாவுக்குக் கோபம் வந்தால் நறநற. இரண்டாம் வகுப்பில் என் தம்பி ஆதன். அவன்தான் வகுப்பில் முதல், அவன்தான் கடைசி. தனி வகுப்பறை கிடையாது. அறை மட்டும் அவ்வப்போது கிடைக்கும்.

தலைமையாசிரியை, கணக்கு மிஸ், பியூன், சத்துணவு ஆயா எல்லாம் அம்மாதான். மன்னார்குடியில் வசுமதி மிஸ் என்றால் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளும் நிமிர்ந்து உட்காரும். அப்பாவின் பெயர் திருநாவுக்கரசு. சுருக்கமாக அரசு. வேலையும் அரசு. இந்தியத் தூதரகத்தில் அட்டாஷே. அந்தச் சொல்லுக்கு ‘ஒட்டிக்கொண்டிருப்பவர்’ என்று பொருளாம். எதோடு என்று அகராதியில் இல்லை. வீட்டோடு இல்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

போன வருஷம் நாங்கள் வந்தபோது ஆங்கிலப் பள்ளியில் இடமில்லை என்றார்கள். மங்கோலியப் பள்ளியில் சேர்த்தால், மொழி பிடிபடுவதற்குள் அப்பாவுக்கு மாற்றல் வந்துவிடும். “எதுக்கு அலையணும்? நானே பாத்துக்கறேன்” என்றாள் அம்மா. இப்படித்தான் எங்கள் பள்ளி தொடங்கப்பட்டது.

நவம்பர் 11, செவ்வாய்

இன்று ஒரு சாதனை. அப்பாவின் ஆபீசுக்கு மங்கோலிய மொழியில் போன் செய்து, வீட்டுக்காரரின் ஆள் போலக் கட்டைக் குரலில், “நாலாவது மாடியில் வெந்நீர்க் குழாய் வெடித்துவிட்டது, சாமான்கள் மிதக்கின்றன” என்றேன். அப்பாவுக்கு மங்கோலியம் மூன்று சொல்தான் தெரியும். பக்கத்தில் இருந்தவர் மொழிபெயர்த்திருக்கிறார். அப்பா குல்லாய்கூட இல்லாமல் ஓடி வந்தார்.

மங்கோலியம் எனக்குக் கீழ்த்தளத்துத் தோழி நொமின் கற்றுக்கொடுத்தது. இரண்டு குளிர்காலமாக ஒரே பனியில் சறுக்கி விழுகிறோம். அவள் முதலில் வசவுகளைக் கற்றுக்கொடுத்தாள், நான் பதிலுக்கு ‘லூசு’ கொடுத்தேன். அதற்குப் பிறகு மொழி தானாகச் சேர்ந்துகொண்டது.

அப்பா கத்தினார். “இனிமே நீ என்ன சொன்னாலும் நம்பப் போறதில்லடி. ஆபீசுக்குப் போன் பண்ணா எடுக்கவே மாட்டேன், பாத்துக்க.”

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். தண்டனை, இருபது தேற்றங்கள். சிரித்துக்கொண்டே கொடுத்த தண்டனை என்பதால் பாதி எழுதினேன்.

நவம்பர் 17, திங்கள்

மழை விடுமுறை!

வெளியே மைனஸ் பதினெட்டு. பளீரென்று வெயில். ஒரு சொட்டு மழை இல்லை, வந்தாலும் வழியிலேயே உறைந்து ஆலங்கட்டியாகத்தான் விழும். ஆனாலும் விடுமுறை, ஏனென்றால் எங்கள் பள்ளி திருவாரூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. தினமும் காலையில் அம்மா செல்போனில் ஊர்ச் செய்தி பார்ப்பாள். அங்கே கலெக்டர் விடுமுறை விட்டால் இங்கே எங்களுக்கும் விடுமுறை. அங்கே காலாண்டுத் தேர்வு என்றால் இங்கேயும் அதே தேர்வு.

“எதுக்கும்மா இது?” என்று போன வருஷம் கேட்டேன்.

“திரும்பிப் போறப்ப ஊர்ப் புள்ளைங்களும் நீங்களும் ஒரே பக்கத்துல இருக்கணும். ஒரு பாடம் முன்னயும் வேணாம், பின்னயும் வேணாம்” என்றாள்.

ஆதன் ஜன்னலில் நின்று, “மழ எங்கக்கா?” என்றான். “வந்துட்டிருக்குடா, விசா கிடைக்கல” என்றேன்.

நவம்பர் 24, திங்கள்

மறுபடி மழை விடுமுறை. போன வாரம் முழுக்க மழை. இந்த வாரமும். கலெக்டர் வாழ்க.

நவம்பர் 27, வியாழன்

ஊரிலிருந்து சித்தி போன் செய்தாள். அம்மா குளிக்கிறாள் என்று சொல்லச் சொல்லி அம்மாவே கட்டிலிலிருந்து சைகை காட்டினாள். நான் பேசினேன்.

“மழை எப்படி சித்தி?”

“எங்கடி மழ? அது போன வாரமே விட்டுப் போச்சு. சுள்ளுனு அடிக்குது. வடாம் புழிஞ்சு காயப் போட்டிருக்கேன்.”

ஆக, மன்னார்குடியில் வெயில். சாப்பாட்டு மேசையில் மட்டும் மழை. அம்மாவுக்குத் தெரியாது போலிருக்கிறது. நான் ஏன் சொல்ல வேண்டும்? வரலாற்றிலேயே விடுமுறையைக் காட்டிக்கொடுத்த மாணவி என்று என் பெயர் வர வேண்டுமா? வாயை மூடிக்கொண்டு நொமினோடு சறுக்கப் போனேன். இரண்டு முறை விழுந்தேன்.

இந்தப் பக்கங்களை அம்மா புரட்டிப் பார்த்துச் சில நாளாகிறது. நேற்று வேண்டுமென்றே ஒரு வரிகூட எழுதவில்லை. கேட்கவில்லை.

டிசம்பர் 1, திங்கள்

இன்றும் மழையாம்.

நான் கேட்டே விட்டேன். “ஊர்ல வெயில்னு சித்தி சொன்னாங்களேம்மா.”

அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். “அப்படியா?” என்றாள். பிறகு, “நாளைக்குத் தொறப்போம்” என்றாள்.

டிசம்பர் 2, செவ்வாய்

திறக்கவில்லை.

டிசம்பர் 4, வியாழன்

பள்ளி நிர்வாகம் கைமாறியது. இன்று முதல் நான் தற்காலிகத் தலைமையாசிரியை. ஆதன் சும்மா இருந்தால் அம்மாவின் கட்டிலைச் சுற்றிச் சுற்றி வருகிறான், அவள் முகத்துக்கு நேராகப் போய் நின்று பார்க்கிறான். அதனால் வகுப்பு நடத்தித்தான் ஆக வேண்டும். காலையில் சோறு வைத்தேன். அடி கொஞ்சம் பிடித்தது. ‘புகைமூட்டம் இந்த நகரத்தின் சிறப்பு, வீட்டுக்குள்ளும் அதை அனுபவிக்கலாம்’ என்று ஆதனிடம் சொன்னேன். உண்மையில் வெளியிலும் நிலக்கரிப் புகைதான். எதிர்க் கட்டடம் தெரியவில்லை.

விசித்திரம் என்னவென்றால், சாயங்காலம் அப்பா வருவதற்குக் கொஞ்சம் முன்னால் அம்மா எழுந்துகொள்கிறாள். முகம் கழுவி, தலை வாரி, பொட்டு வைத்து, பச்சை ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு மேசையில் உட்காருகிறாள். நான் வைத்த சாம்பாரை அவள் கையால் ஊற்றுகிறாள். அப்பா சாப்பிட்டுவிட்டுச் செல்போனைப் பார்த்தபடியே, “ஸ்கூல்லாம் எப்படிப் போவுது?” என்கிறார். “போவுது” என்கிறாள். அவர் படுக்கப் போனதும் அவளுக்குள் ஏதோ ஸ்விட்சை அணைத்த மாதிரி ஆகிவிடுகிறது.

நாடகத்தில் நான் கெட்டிக்காரி என்று நினைத்திருந்தேன்.

டிசம்பர் 8, திங்கள்

ஒரு திட்டம் போட்டேன். அம்மாவுக்குத் தப்பான கணக்கைக் காதால் கேட்கவே முடியாது. கடைக்காரர் தப்பாகக் கூட்டினால், நமக்கு லாபமாக இருந்தாலும் திருத்திவிட்டுத்தான் வருவாள். அதனால் படுக்கையறைக் கதவைத் திறந்து வைத்து, வாசலிலேயே வகுப்பு நடத்தினேன்.

“ஆதன், ஏழெட்டு எவ்வளவு?”

“அம்பத்தி ஆறு.”

“தப்பு. அறுபத்தி நாலு. எல்லாரும் சத்தமா சொல்லுங்க!”

எல்லாரும் என்பது அவன் மட்டும். அவனுக்கு விளையாட்டுப் புரிந்துவிட்டது. கத்தினான். முக்கோணத்துக்கு நான்கு பக்கம் என்றேன். பை என்றால் மளிகைப் பை என்றேன். ஒன்பதைப் பூஜ்யத்தால் வகுத்தால் ஒன்பது ஆளுக்கும் ஒவ்வொரு பூஜ்யம் கிடைக்கும் என்றேன். மன்னார்குடியாக இருந்தால் இந்நேரம் சாக்பீஸ் பறந்து வந்து என் நெற்றியில் பட்டிருக்கும்.

ஒன்றும் வரவில்லை.

ஆதன் எட்டிப் பார்த்துவிட்டு வந்து என் காதில் சொன்னான். “அக்கா, அம்மா தூங்கல. கண்ணு தொறந்துதான் இருக்கு.”

அதற்குப் பிறகு சரியான வாய்ப்பாட்டையே சொல்லிக்கொடுத்தேன்.

டிசம்பர் 9, செவ்வாய்

காலையில் அப்பா ஷூ போடும்போது சொல்லிவிட்டேன். “அப்பா, அம்மா பகல் முழுக்க எழுந்திரிக்கறதே இல்ல. சாப்பிடறதில்ல. ஸ்கூலும் நடக்கல.”

அப்பா லேஸைக் கட்டிக்கொண்டே சிரித்தார். “அடுத்த குழாய் வெடிச்சிடுச்சா?”

“சத்தியமாப்பா.”

“வசு!” என்று உள்ளே பார்த்துக் கத்தினார். “ஒம் பொண்ணு என்னமோ சொல்றா பாரு.”

அம்மா வந்து நின்றாள். எப்படி அவ்வளவு சீக்கிரம் எழுந்தாள் என்று தெரியவில்லை. சிரித்தாள். “நேத்து அல்ஜீப்ரா டெஸ்ட் வச்சேன். அதுல தப்பிக்க இவ்வளவும் பண்றா.”

“கேடி” என்று என் தலையில் தட்டிவிட்டு அப்பா போய்விட்டார்.

கதவை மூடிய பிறகு அம்மா என்னைப் பார்க்கவில்லை. “அப்பாட்ட சொல்லாத நறு. பாவம், அவருக்கே அங்க ஆயிரம் வேல. எனக்கு ஒண்ணுமில்ல, குளிருதான்” என்றாள். பிறகு படுத்துக்கொண்டாள்.

உண்மையைச் சொல்லி மாட்டிக்கொண்டது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. பழக்கமில்லாத வேலையில் இறங்கக் கூடாது.

டிசம்பர் 11, வியாழன்

சாப்பிடும்போது எழுந்து நின்று அறிவித்தேன். “நாளை காலை பதினோரு மணிக்கு பெற்றோர் ஆசிரியர் கூட்டம். அப்பாக்கள் கட்டாயம் வர வேண்டும். வராத பெற்றோரின் பிள்ளைகள் பெஞ்சு மேல் ஏற்றப்படுவார்கள்.”

அப்பாவுக்குப் பிடித்துவிட்டது. “அட, வந்துட்டாப் போச்சு. மிஸ்ஸு கொஞ்சம் ஸ்ட்ரிக்டாமே” என்று அம்மாவைப் பார்த்துக் கண்ணடித்தார். அம்மா தட்டையே பார்த்தாள். அவளுக்கு என் திட்டம் புரிந்துவிட்டது.

டிசம்பர் 12, வெள்ளி

வரவில்லை. டெல்லியிலிருந்து யாரோ குழு வந்திருக்கிறதாம். ஆதன் பதினோரு மணியிலிருந்து மேசையில் நான்காவது நாற்காலியை இழுத்துப் போட்டு வைத்திருந்தான். ஆபீசுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. சொன்ன சொல் தவறாதவர்.

டிசம்பர் 16, செவ்வாய்

அம்மா நேற்றும் இன்றும் பகலில் தண்ணீர் தவிர ஒன்றும் தொடவில்லை. ரசம் சாதத்தைக் குழைத்து எடுத்துப் போனேன். “வச்சிடு” என்றாள். வைத்தது வைத்தபடி இருந்தது.

இன்று சாயங்காலம் தலை வாரவும் எழுந்துகொள்ளவில்லை. நானே போய்ச் சீப்பை எடுத்து வாரிவிட்டேன். பின்னினேன். பொட்டு வைத்தேன். பச்சை ஸ்வெட்டரில் கையை நுழைத்துவிட்டேன், ஆதனுக்குச் செய்வது போல. அப்பா வருகிற சத்தம் கேட்டபோதுதான் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று எனக்கு உறைத்தது. அப்பா கண்டுபிடித்துவிடக் கூடாது என்று அம்மாவுக்கு வேஷம் கட்டிவிடுகிறேன். அவர் கண்டுபிடிக்க வேண்டும் என்று துடிப்பவளும் நான்தான்.

இதைப் பற்றி ஒரு ஜோக் எழுத முயன்றேன். வரவில்லை.

டிசம்பர் 17, புதன்

ஆதனுக்கு இரண்டு ஸ்வெட்டர், மேலே கோட்டு, முகமூடி, குல்லாய் மாட்டினேன். நொமினை அழைத்து அம்மாவோடு இருக்கச் சொன்னேன். அவள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

தூதரகம் இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி. நடந்தோம். மூச்சு விட்டால் இமை மயிரில் பனி படிந்தது. ஆதன் வழக்கமாகத் தொணதொணப்பான், இன்று என் கையைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறக்காமல் வந்தான். வாசல் காவலரிடம் அப்பாவின் பெயரைச் சொன்னேன்.

அப்பா வெளியே வந்தார். முகம் சிவந்திருந்தது. “என்னடி இது? இந்தக் குளிர்ல புள்ளயக் கூட்டிட்டு ரோட்டுல… உள்ள மீட்டிங் நடக்குது. வெளையாட்டுக்கு ஒரு அளவு வேணாம்?”

வரும் வழியெல்லாம் என்ன சொல்ல வேண்டும் என்று மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். என் வாயிலிருந்து வந்தால் எதுவும் பொய்யாகத்தான் கேட்கும் என்று அவர் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது.

ஆதன் முகமூடியைக் கீழே இழுத்தான். “அம்மா எங்ககூடப் பேச மாட்டேங்குதுப்பா. நான் அடம் பண்ணல. ஒண்ணுமே பண்ணல. ஆனாலும் பேச மாட்டேங்குது.”

ஆதனுக்குப் பொய் சொல்லத் தெரியாது. நான் எவ்வளவோ பயிற்சி கொடுத்தும் வரவில்லை. அது அப்பாவுக்கும் தெரியும்.

அவர் என்னைப் பார்த்தார். “எப்பலேருந்து?”

“மழை லீவுலேருந்து.”

வீட்டுக்குள் ஷூவோடு நுழைந்தார். அம்மா ஷூவோடு உள்ளே வந்தால் சும்மா விட மாட்டாள். படுக்கையறை வாசலில் அப்படியே நின்றார். நொமின் எழுந்து வெளியே போனாள். அம்மா கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். எழுந்துகொள்ளக் கையை ஊன்றினாள். ஊன்றிய கை அப்படியே நின்றது. எழுந்துகொள்ளவில்லை.

“வசு, படு. படுத்துக்க” என்றார் அப்பா. பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் ஜன்னல் திரையை இழுத்தார், மறுபடி திறந்தார். சமையலறைக்குப் போனார். “நறு, அவளுக்கு ஏதாச்சும் சூடா… எதுல பால் காய்ச்சுவீங்க?” என்று கேட்டார்.

அப்பாவுக்குத் தெரிந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தேன். இப்போது தெரியாமல் நிற்கிறவர்கள் மூன்று பேர்.

டிசம்பர் 19, வெள்ளி

அப்பா விடுப்பு எடுத்திருக்கிறார். ஊர் டாக்டர் ஒருவரிடம் போனில் பேச வைத்தார். அம்மா போனைக் காதில் வைத்துக்கொண்டு, “நல்லாருக்கேன் சார், நல்லாருக்கேன்” என்று மட்டும் சொன்னாள். நேரில் உடனே காட்டுங்கள் என்றாராம் அவர். இங்கேயே ஓர் ஆஸ்பத்திரியில் திங்கட்கிழமைக்கு நேரம் கிடைத்திருக்கிறது. அந்த டாக்டருக்கு ஆங்கிலம் வராது.

“ஆபீஸ்ல மொழிபெயர்க்கறவரு இருக்காரேப்பா.”

“இருக்காரு. அவரக் கூட்டிட்டுப் போனா அன்னைக்கே எல்லா வீட்டுக்கும் தெரிஞ்சிடும். மொத்தம் இருக்கறதே பத்துப் பன்னெண்டு குடும்பம். அப்புறம் அம்மா யார் மூஞ்சியில முழிப்பா?” என் தோளில் கை வைத்தார். “நீதான் நல்லாப் பேசறியே. நீ வா.”

அன்றைக்குக் கட்டைக் குரலில் பேசியபோது ‘நீ என்ன சொன்னாலும் நம்பப் போறதில்ல’ என்று கத்தியவர்.

டிசம்பர் 22, திங்கள்

ஆதனோடு அப்பா தாழ்வாரத்தில் உட்கார்ந்துகொண்டார். உள்ளே நானும் அம்மாவும்.

டாக்டர் வயதான பெண்மணி. என்னைப் பார்த்ததும், “பெரியவர்கள் வேறு யாரும் வரவில்லையா?” என்றார். “நான் போதும்” என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் ஆரம்பித்தார்.

தூக்கம் வருகிறதா?

“தூக்கம் வருது. எழுந்திரிக்கத்தான் வரல” என்றாள் அம்மா. சொன்னேன்.

பசிக்கிறதா?

“தெரியல.” சொன்னேன்.

பகலில் என்ன நினைத்துக்கொண்டிருப்பீர்கள்?

அம்மா மேசையைப் பார்த்தபடி சொன்னாள். “இதுங்க ரெண்டும் வீணாப் போயிடுச்சேன்னு. அங்க எல்லாரும் எங்கயோ போயிட்டாங்க, நான்தான் இதுங்கள இங்கயே பிடிச்சு வச்சுட்டேன்னு.”

அதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் நேரமாயிற்று. ‘இதுங்க ரெண்டும்’ என்பதை ‘பிள்ளைகள்’ என்று போட்டேன், வேறு யாரோ பெற்ற பிள்ளைகள் போல.

டாக்டர் அடுத்த கேள்வியைக் கேட்காமல் பேனாவை உருட்டினார். “இதை உன்னைக் கேட்கச் சொல்லக் கூடாது” என்றார் என்னிடம்.

“கேளுங்கள்” என்றேன்.

கேட்டார். மங்கோலியத்தில் அது மிகச் சின்ன வாக்கியம். ஒவ்வொரு சொல்லும் எனக்குத் தெரிந்த சொல்தான்.

எல்லாவற்றுக்கும் எனக்கு உடனே சொல் வரும். எதிலும் ஒரு சொல்லைத் திருப்பிப் போட்டுச் சிரிக்க வைத்துவிடுவேன். தமிழில் இதற்கு எத்தனையோ விதமாகச் சொல்லலாம். சுற்றி வளைத்துச் சொல்லலாம், மழுப்பிச் சொல்லலாம், ‘மனசு சரியா இருக்கான்னு கேக்கறாங்க’ என்று மாற்றியே சொல்லிவிடலாம். அம்மாவுக்குத் தெரியாது. டாக்டருக்கும் தெரியாது.

“அம்மா, உயிரோட இருக்க வேணாம்னு உனக்குத் தோணுதான்னு கேக்கறாங்க.”

அம்மா டாக்டரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு என்னை நேராகப் பார்த்தாள். கண் நிறைந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

“அவங்ககிட்ட இல்லன்னு சொல்லு” என்றாள்.

இல்லை என்பதற்கு மங்கோலியத்தில் ‘உகுய்’. நொமின் எனக்கு வசவுகளுக்கு அடுத்தபடி கற்றுக்கொடுத்த சொல். அதைச் சொல்லிவிட்டால் போதும். டாக்டர் எழுதிக்கொள்வார். மாத்திரை கொடுப்பார். வெளியே அப்பா என் முகத்தைப் பார்த்துவிட்டு, ‘ஒண்ணுமில்லல்ல?’ என்பார். நானும் தலையாட்டலாம்.



“‘இல்லை’ என்று உங்களிடம் சொல்லும்படி அம்மா என்னிடம் சொல்கிறாள்” என்றேன்.

டாக்டர் எழுதவில்லை. பேனாவைக் கீழே வைத்தார். தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மேசையைச் சுற்றி வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் போட்டு, முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்தார். அம்மாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். “போதும் மகளே. உன் அப்பாவை உள்ளே வரச் சொல். இனி மொழிபெயர்க்க ஒரு பெரியவர் வர வேண்டும், யாராக இருந்தாலும் பரவாயில்லை. அம்மா இன்று இங்கேதான் இருப்பார்” என்றார்.

எழுந்தேன். கதவுக்குப் போவதற்குள் அம்மா கூப்பிட்டாள்.

“நறு. நீ என்ன சொன்ன அவங்ககிட்ட?”

“நீ சொன்னதத்தாம்மா” என்றேன். “நீ சொன்ன மாதிரியே.”